புனைகதையில் ஆண்மை: ஒரு பாடத்தின் மீதான கண்டனங்களுக்கு மறுப்பு

இலக்கிய ஆசிரியனொருவன் தான் கற்பிக்கும் பாடத்துக்குத் தானே வழக்குரைக்க முற்படுவது அழகான காரியமன்று. பாடம் நல்லதாயின் அது மாணாக்கர் வாயிலாகத் தன்னை நிலைநாட்டிக் கொள்ளும்; தீயதாயின் ஆசிரியனின் வாதம் அதனைக் காப்பாற்றப் போவதில்லை. இந்த நியாயத்தை நம்பிச் சில ஆண்டுகள் வாளாவிருந்தேன். ஆனால், தமிழ்ப் புனைகதையில் ஆண்மை என்னும் கருத்து எவ்வாறு உருவாக்கப்படுகின்றது என்ற விடயத்தை விரிவுரைகளிலும் ஆய்வுகளிலும் எடுத்துக்கொண்ட நாள்முதல் நாற்புறமிருந்தும் கண்டனங்கள் வந்த வண்ணமுள்ளன. அவற்றுட் சில எனது குறைபாடுகளைச் சுட்டுவன, அவற்றுக்கு நன்றி. ஏனையவை பாடத்தின் இருப்பையே மறுப்பன. அவற்றை மறுத்துரைப்பதற்குத் தமிழ்ச் சங்கத்தின் இம்மலரிலும் ஏற்ற இடம் வேறில்லை. ஏனெனில் இதனை வாசிப்போரிற் பெரும்பாலோர் இன்றைய மாணாக்கர், நாளைய ஆசிரியர்.

பாடவிதானக் கூட்டமொன்றிலே மூத்த அறிஞரொருவர், “ஆண்மையைப் படிப்பிக்கப் பல்கலைக்கழகம் எதற்கு? அது வீட்டிலேயே வரவேண்டிய சங்கதியல்லவா?” என்று கேட்டார். சபையிலே சிரிப்பெழுந்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வீடு திரும்பும் வழியிலேதான், அவர் அறியாமலே எனது பாடத்தின் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டார் என்பது விளங்கிற்று. ஆண்மை வீட்டிலே கற்பிக்கப்படுகின்றது. ஆதலால் அது கற்பிக்கப்படுவதொன்று. கற்பிக்கப்படும் எதுவும் இயற்கையன்று. வீட்டில் மட்டுமன்று, பள்ளியில், கோயில் வீதியில், விளையாட்டுத் திடலில், பாசறையில் அது கற்பிக்கப்படுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழ்ப் பாடத்திலே கற்பிக்கப்படுகின்றது. நாம் இரு தலைமுறைகளாகத் தமிழிலக்கியத்தை ஆண்மைப் பாடமாகவே நடத்தி வந்திருக்கிறோம். அதற்குப் பெயரிடாதிருந்தோம், அவ்வளவே.

புறநானூற்றின் 278ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. தன் மகன் போரிற் புறங்கொடுத்து இறந்தான் என்று பலர் சொல்லக் கேட்ட முதியவள், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்து வாளோடு களஞ்சென்று, பிணங்களைப் புரட்டித் தேடி, அவன் சிதைந்து கிடக்கக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதுவக்கிறாள். இப்பாட்டினைப் படியாது பள்ளியை விட்டு வெளியேறிய தமிழ் மாணவர் அரியர். நானும் படித்தேன், பின்னர் படிப்பித்தேன். 2009ஆம் ஆண்டுக்குச் சில ஆண்டுகளின் பின், வன்னியிலிருந்து வந்த மாணவியொருத்தி இப்பாட்டு நடந்துகொண்டிருந்தபோது எழுந்து, “சேர், அந்தத் தாய்க்குப் பிணமாவது கிடைத்தது” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை, அமர்ந்துவிட்டாள். அன்று நான் மறத்தின் சிறப்பையும் உவமையின் நயத்தையும் விளக்கக் கொண்டு சென்றிருந்த குறிப்புகளை மூடிவைத்தேன்.

இப்பாட்டைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கவேண்டுமென்று நான் சொல்வதாக ஒரு வதந்தி உலவுகின்றது. நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. இதனை இன்னும் கூர்ந்து படிக்கவேண்டும் என்கிறேன். இதிலே வீரன் பேசவில்லை. அவன் ஆண்மையுடையவனா அல்லனா என்று தீர்ப்பளிப்பவள் தாய். அவளுக்குச் செய்தி கொண்டுவருவது ஊர். பாடியவரும் பெண்பாற் புலவர். ஆண்மை என்பது ஆணினுள்ளே கிடக்கும் பண்பன்று, ஊரும் வீடும் சேர்ந்து அவன்மீது ஏற்றும் பாரம் என்பதை இதனிலும் துல்லியமாகக் காட்டும் பாட்டு வேறெங்குண்டு? பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலே சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு வைத்து ஆராய்ந்தபோது, அவை ஒரு சமூக வளர்ச்சிக் கட்டத்துக்குரிய வாய்மொழிப் பாணர் மரபின் விளைபொருள்கள் என்பதை நிலைநாட்டினார். வீரத்தை விதந்தோதும் பாணர் வீரனின் கொடையிலே வாழ்ந்தவர். இப்பொருளியல் உண்மையை ஐம்பதாண்டுகளுக்கு முன்னரே கற்ற நாம், அப்பாடல்களை வகுப்பறையிலே காலங்கடந்த அறமாக, ஆண்பிள்ளைகளுக்குரிய கட்டளையாகத் தொடர்ந்தும் ஓதுவித்தோம். அக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களின் கணக்கை நான் இங்கு எடுக்கப்போவதில்லை. இதனை வாசிப்போர் வீடுகளிலே சுவரிற் படமாகத் தொங்குகின்றது அக்கணக்கு.

இனி, ‘இது மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு’ என்ற கண்டனத்துக்கு வருவோம். இதனைச் சொல்வோர், அவுஸ்திரேலிய சமூகவியலாளர் கொனல் அம்மையாரின் பெயரை நான் வகுப்பில் உச்சரிப்பதைக் காரணங் காட்டுகின்றனர். அவருடைய ‘ஆண்மைகள்’ என்ற நூல் 1995இல் வெளியாயிற்று; அதன் மூலக் கருத்துகள் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றிலேயே உள. இவற்றை நான் கற்றேன், கற்பிக்கிறேன். நாவல் என்ற இலக்கிய வடிவமே மேற்கிலிருந்து வந்ததென்பதை எனது கண்டனக்காரர் மறந்துவிட்டனர், அது கிடக்க. 1928ஆம் ஆண்டளவிலே, ‘ஆண்மை’ என்ற பதமே பெண்ணை இழிவுபடுத்தும் முறையில் வழங்குகின்றது, அந்த ஆண்மை அழிந்தாலன்றிப் பெண்ணுக்கு விடுதலையில்லை என்று ‘குடி அரசு’ இதழிலே எழுதிய ஈ. வெ. ராமசாமி எந்த மேனாட்டுப் பல்கலைக்கழகத்திற் பயின்றார்? அவரது முடிபை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். வினாவை எழுப்பியவர் ஈரோட்டுக்காரர் என்பதை மறுக்கவியலாது.

ஈரோட்டுக்கும் முன்னே செல்வோம். திருக்குறளிலே இச்சொல் அமைதியாக இருப்பதாக நினைப்போர் அந்நூலைப் புரட்டிப் பார்க்கவேண்டும். பிறனில் விழையாமை அதிகாரத்தில், பிறன் மனைவியை நோக்காதிருத்தலே பேராண்மை எனப்படுகின்றது. படைச்செருக்கிலோ பகைவர்க்கு அஞ்சாத தறுகண்மை பேராண்மையாகின்றது. ஆனால் அந்தப் பகைவனுக்கே ஓர் இடுக்கண் நேர்ந்தவிடத்து உதவுதல் அதன் கூர்முனை என்று உடனே ஒரு திருத்தமும் வருகின்றது. குடிசெயல்வகையிலே, தான் பிறந்த குடியை ஆளும் பொறுப்பைத் தனதாக்கிக் கொள்வது நல்லாண்மை. பெண்வழிச்சேறலிலோ மனைவியின் ஏவல் செய்பவனின் ஆண்மை எள்ளி நகையாடப்படுகின்றது. ஒரே நூல், ஒரே சொல், நான்கு வேறு பொருள்கள், அவற்றுள் ஒன்று மற்றொன்றோடு மல்லுக்கு நிற்கின்றது. ‘ஆள்’ என்ற அடியிலிருந்து பிறந்து, வேளாண்மை, தாளாண்மை என்றெல்லாம் செயலையும் உடைமையையும் சுட்டி வழங்கிய ஒரு சொல், எக்காலத்திலே மீசைக்கும் மார்புக்கும் மட்டும் உரியதாகச் சுருங்கிற்று என்று கேட்பது தமிழாய்வு அல்லவெனில், தமிழாய்வு என்பது யாது? ஆங்கிலப் பதத்துக்கு ஈடாக ஆண்தன்மை, ஆண்நிலை என்று புதுச்சொற்களை ஆக்கித் தருமாறு நண்பர் சிலர் வற்புறுத்துகின்றனர். நான் பழைய சொல்லையே வைத்துக்கொள்கிறேன். சண்டை அச்சொல்லின் உள்ளே நடக்கும்போது வெளியே போய்ப் புது வீடு கட்டுவானேன்?

புனைகதைக்குள் வந்தால், மரபின் காவலர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் நிலை மேலும் சங்கடமானது. தமிழின் முதல் நாவலென நாம் போற்றும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளியாயிற்று. அதிலே கதாநாயகி ஞானாம்பாள் ஆணுடை தரித்து விக்கிரமபுரியை அரசாள்கிறாள், நன்றாகவே ஆள்கிறாள். ஆளுந்தன்மை உடையோடு வந்து உடையோடு போவதாக வேதநாயகம் பிள்ளை வேடிக்கையாக எழுதினாரோ வேண்டுமென்று எழுதினாரோ அறியேன். நூற்றாண்டுக்கும் மேலாக இதனைத் தேர்வு வினாக்களிலே ‘சுவையான நிகழ்ச்சி’ என்று மட்டும் எழுதி வந்தோம். எமது நாட்டிலே 1914இல் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதய’த்தை எழுதினார். கணவனின் கொடுமையாலே நொறுங்கும் மனைவியின் கதை அது. ஈழத்து நாவல் வரலாற்றுப் பாடத்திலே, பெண்ணொருவர் எழுதிய முன்னோடி நாவல், கிறித்தவ அறநோக்குடையது என இரண்டு குறிப்புகளோடு அதனைக் கடந்து செல்வது வழக்கம். நொறுங்கியவளைப் பற்றிப் பேசினோம். நொறுக்கியவன் எவ்வாறு ஆக்கப்பட்டான், எந்தச் சீதனப் பேரத்தினூடாக, எந்த உறவினரின் மெச்சுதலோடு அவன் அப்படியானான் என்று கேட்கவில்லை. புனைகதையில் ஆண்மையைக் கற்பிப்பதென்பது இவ்விரண்டாவது கேள்வியைக் கேட்பதன்றி வேறில்லை.

மார்க்சியர்கள் எழுப்பும் கண்டனம் இதனிலும் கனமானது. நானும் அப்பாசறையிலே வளர்ந்தவன். ‘வர்க்க முரண்பாட்டிலிருந்து கவனத்தைத் திருப்பும் தனிமனித உளவியல் ஆராய்ச்சி இது’ என்கின்றனர். கொனல் பயன்படுத்தும் மேலாண்மை என்ற கருத்து இத்தாலியச் சிறையிலிருந்த கிராம்சியிடமிருந்து பெறப்பட்டதென்று சொல்லி வாதத்தை முடித்துவிடலாம். ஆனால் பெயர்களை எறிந்து வெல்வது எனக்கு உவப்பன்று. நாவல்களைத் திறந்து பார்ப்போம்.

சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) சிறிய நூல். ஒரே மூச்சில் வாசிக்கலாம். தன் தகப்பனைக் குத்தி மாய்த்த காரி என்னும் காளையை அணைய வருகிறான் பிச்சி. காளைக்கு உடைமையாளர் ஜமீன்தார். மேற்பார்வைக்கு இது மகனின் வீரக் கதை. 2017 ஜனவரியிலே சென்னைக் கடற்கரையில் இலட்சக்கணக்கானோர் கூடி ஏறுதழுவலைத் தமிழரின் வீர அடையாளமெனப் பிரகடனஞ் செய்தபோது பலர் இந்நூலை ஏந்தி நின்றதில் வியப்பில்லை. எம் மண்ணிலும் ஆதரவுக் குரல்கள் எழுந்தன. ஆனால் கதையின் முடிவு யாது? பிச்சி அணைந்துவிடுகிறான். தோற்ற காளை வெறிகொண்டோட, ஜமீன்தாரே துப்பாக்கியெடுத்து அதனைச் சுட்டு வீழ்த்துகிறார். எவர் உடலிலிருந்து இரத்தம் வடிந்தது, எவர் மானம் பணயத்தில் இருந்தது என்று பிரித்துப் பாருங்கள். குடலைச் சரியவிட்டவன் குடியானவன். கௌரவம் இழந்தவர் மேடையில் அமர்ந்திருந்தவர். உழைப்பாளியின் உபரியை மட்டுமன்று, அவனது துணிவையும் உறிஞ்சி நிலவுடைமை தன் ஆண்மையை உற்பத்தி செய்கின்றது. தனக்குரியதென்று பிச்சி கருதும் வீரம் உண்மையிலே வாடகை வீரம். வர்க்கத்தை விட்டுவிட்டு இக்கதையின் ஆண்மையை வாசிக்க முடியாது. ஆண்மையை விட்டுவிட்டு வர்க்கத்தையும் வாசிக்க முடியாது. காளையைக் கொன்ற துப்பாக்கிக் குண்டுக்கு வேறு எவ்வகையிலும் விளக்கமில்லை.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு முகமுண்டு. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆண் உயர்சாதியார் முன்னிலையிலே தோளிலிருந்த சால்வையை எடுத்து அரையிற் கட்ட வேண்டியிருந்தது. அச்சாதிப் பெண்களுக்கு மேற்சட்டை மறுக்கப்பட்டிருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) முதலான நாவல்கள் சித்திரிக்கும் போராட்டத்திலே ஆலயக் கதவும் தேநீர்க்கடைக் குவளையும் எத்துணை முக்கியமோ அத்துணை முக்கியம் அந்தத் தோளும். அடக்கப்பட்டவன் நிமிரும்போது, தன்னை அடக்கியவனின் ஆண்மையையே எடுத்து அணிந்துகொள்ளும் அபாயம் எப்போது நேர்கின்றது, எப்போது அவன் வேறொன்றைக் கண்டடைகிறான்? டானியலை மதிப்பவன் என்ற முறையிலேதான் இதனைக் கேட்கிறேன். இது போராட்டத்தைச் சிறுமைப்படுத்தும் கேள்வி என்று சொன்ன தோழர் ஒருவர், தமது வீட்டிலே தேநீர் கேட்கும் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

எமது முற்போக்கு விமரிசனம் இவ்விடயத்தில் இழைத்த பெருந்தவறு எஸ். பொன்னுத்துரையின் நாவல்களை எதிர்கொண்ட விதத்திலே தெரிகின்றது. 1960களில் வந்த ‘தீ’, ‘சடங்கு’ ஆகிய இரண்டும் ஆபாசம் என்று தூற்றப்பட்டன. அல்லது அவ்வசையை எதிர்த்துத் துணிச்சல் என்று போற்றப்பட்டன. தூற்றியோரும் போற்றியோரும் நூலுக்குள் என்ன நடக்கின்றது என்று பார்க்கவில்லை. ‘சடங்கு’ நாவலிலே கொழும்பில் அரசாங்க இலிகிதராயிருக்கும் செந்தில்நாதன் விடுமுறையிலே யாழ்ப்பாணம் வருகிறான். மனைவியோடு தனித்திருக்க வேண்டுமென்ற ஒரே ஆசை. நாள்கள் கழிகின்றன, பிள்ளைகள், மாமியார், உறவு, ஊர்க்கடமைகள் என்று ஒவ்வொரு இரவும் ஏதோவொன்று குறுக்கே வந்து விழுகின்றது. ஆசை நிறைவேறாமலே கொழும்புக்குத் திரும்புகிறான். இவ்வளவுதான் கதை. இதிலே ஆபாசத்தைத் தேடியவர்கள் பாவம், ஏமாந்திருப்பார்கள்.

இங்கே நாம் காண்பது யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் பொருளாதார வரலாறு. மண் வரண்டது, காணி துண்டுபட்டது, ஆங்கிலக் கல்வி உத்தியோகத்தைத் தந்தது. உத்தியோகம் ஆணைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ‘சம்மறி’ அறையொன்றிலே நண்பர்களோடு அடைத்துவிட்டு, மாதந்தோறும் மணியோடரை மட்டும் ஊருக்கு அனுப்பிவைத்தது. வீட்டை நடத்துபவள் பெண். காணி, சீதனம், பிள்ளைகளின் படிப்பு, கோயில் உபயம் அனைத்தும் அவள் கையில், அவளுடைய தாய் கையில். அவனோ இரவுப் புகையிரதத்தில் வந்திறங்கும் விருந்தாளி. குடும்பத் தலைவன் என்ற பட்டம் அவனுக்குண்டு. குடும்பத்தில் இடம் இல்லை. தலைவன் என்னும் பாத்திரத்துக்கும் வாழ்ந்த வாழ்வுக்கும் இடையிலுள்ள இப்பிளவே ‘சடங்கு’ நாவலின் பொருள். ஆண்மை அங்கே வலிமையாகவன்று, வலிந்து நடிக்கப்படும் ஒரு சடங்காகவே இருக்கின்றது. நூலின் பெயரே இதனைச் சொல்கின்றது. இதனை ‘உடலிச்சை எழுத்து’ என்று ஒதுக்கியதன் மூலம், தமது வர்க்க ஆய்வுக்கு வாய்த்த மிகச் சிறந்த ஆவணமொன்றை மார்க்சிய விமரிசகர் கைநழுவ விட்டனர். பின்னாளில் மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற ஆண்கள் செந்தில்நாதனின் பிள்ளைகளே. விடுமுறை வரும் இடைவெளி மட்டும் நீண்டுவிட்டது.

மலையகத்தைப் பற்றி விரிவாகப் பேச எனக்குத் தகுதியில்லை. அங்கிருந்து வந்த மாணாக்கரிடம் நான் கற்றதே அதிகம். ஒன்றை மட்டும் சொல்வேன். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமானது 1984இல். அதன் பின்னரும் கொழுந்து பறித்தவளின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிச் செல்லும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்ற சிறுகதையிலே, வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றை அறை லயத்திலே கணவனும் மனைவியும் மறைவிடமின்றி வாழும் அவலம் வருகின்றது. துரையின் முன்னே கூனியும் லயத்திலே நிமிர்ந்தும் நிற்கவேண்டிய அந்த மனிதனின் வெட்கத்தைப் புரிந்துகொள்ள, கூலியேட்டையும் லயத்தின் சுவரையும் ஒருங்கே படிக்கவேண்டும்.

ஆயுதப் போராட்டக் காலத்தைப் பற்றிய நாவல்களுக்கு வந்தால் கண்டனம் கோபமாக மாறுகின்றது. அக்கோபத்தை நான் மதிக்கிறேன். இழந்தவர்களுக்கு அதற்கு உரிமையுண்டு. ஆனால் இக்கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்களல்லர். 1985இலேயே, இயக்கமொன்றின் உள்ளிருந்து வெளியேறிய கோவிந்தன் ‘புதியதோர் உலகம்’ எழுதினார். எதிரியைக் கொல்லப் பயின்ற கை தோழனைச் சித்திரவதை செய்யப் பழகியது எவ்வாறு என்பதே அந்நாவலின் உள்ளெரியும் வினா. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’விலே (2001) தந்தையின் முரட்டுத்தனத்துக்கு ஊர் இட்ட பட்டப்பெயர் மகனையும் விடாது தொடர்கின்றது. வீட்டிலே அடித்த கைக்கும் பாசறையிலே அடித்த கைக்கும் உள்ள உறவை இதனிலும் சுருக்கமாக ஒரு பெயரால் உணர்த்த இயலுமா? அரசபடை தமிழரின்மீது ஏவிய வன்முறையை இது மறைக்கிறதென்பார்கள். மறைக்கவில்லை. சீருடை எந்த நிறமாயினும் அதற்குள் செல்பவனை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று கேட்பதால் எந்தச் சீருடையும் மன்னிக்கப்படுவதில்லை.

இவ்வளவு பேரிடமும் வாதாடிவிட்டேன். எனக்கு உண்மையிலே உறக்கத்தைக் கெடுத்த கண்டனம் வேறொன்று. அதனைச் சொன்னவர் பெண் விரிவுரையாளரொருவர். “பெண்கள் எழுதியவற்றுக்குப் பாடத்திட்டத்திலே இரண்டு கிழமை வாங்க நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ வந்து இத்தனை காலமாகியும் அது பலருக்கு வெறும் பெயர். இப்போது நீங்கள் வந்து மறுபடியும் ஆண்களைப் பற்றியே பேசவேண்டும் என்கிறீர்கள், அதற்குக் கைதட்டும் கிடைக்கின்றது” என்றார். இதற்கு முழுமையான மறுமொழி என்னிடம் இல்லை. அவர் சொன்னதிலே பாதி உண்மை. அந்தப் பாதி சுடுகின்றது. ஆணொருவன் ஆண்மையை விமரிசித்தால் அது தியாகமாகவும், பெண்ணொருத்தி விமரிசித்தால் அது முறைப்பாடாகவும் கொள்ளப்படுவதை நானே கண்டிருக்கிறேன். ஆயினும் ஒன்று சொல்வேன். பெண்ணெழுத்தைப் படிப்பதற்கென ஒரு மூலையும், ஏனைய எழுத்தைப் படிப்பதற்கெனப் பெருங்கூடமும் என்று பிரித்துவைத்த ஏற்பாட்டிலே, பெருங்கூடத்திலுள்ள நூல்களும் பாலடையாளமுள்ளவர்களால், பாலடையாளத்தைப் பற்றியே எழுதப்பட்டவை என்ற உண்மை மறைந்துபோகின்றது. ‘எழுத்தாளன்’ என்றால் பொது, ‘பெண் எழுத்தாளர்’ என்றால் சிறப்பு என்ற இலக்கணத்தை அங்குதான் உடைக்கவேண்டும். ஆதலால் எனது விடயத்துக்குப் புதிய நேரம் கேட்கவில்லை; பெண்ணெழுத்தின் இரண்டு கிழமையிலே ஒரு நாழிகையையும் தொடவில்லை. ஏற்கெனவே நடக்கும் நாவற் பாடத்தை வேறு கண்ணோடு நடத்த விடுங்கள் என்கிறேன்.

பீடத்தின் ஏற்பாடோ வேறு. எனது பாடத்தை ‘விருப்பத்தெரிவாக’ ஒதுக்கித் தர முன்வந்தனர். கலைப்பீடங்களில் மாணவியரே பெரும்பான்மையினர். விருப்பத்தெரிவென்றால் முப்பது மாணவியரும் வழிதவறி வந்த இரண்டு மாணவரும் இருப்பார்கள். ஆண்மையைப் பற்றிப் பெண்களுக்கு வகுப்பெடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும்; அவர்கள் எனக்கு எடுக்கலாம்.

அதே வேளையில், விருப்பத்தெரிவல்லாத ஒரு பாடம் எம் வளாகங்களில் இரவிலே நடைபெறுகின்றது. முதலாம் ஆண்டு மாணவனை வரிசையில் நிறுத்தி, ‘நீ ஆம்பிளையா?’ என்று கேட்டுத் தொடங்கும் பகிடிவதையைச் சொல்கிறேன். 1997இல் பகிடிவதைக்குள்ளான மாணவரொருவர் உயிரிழந்ததையடுத்து 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கின்றது, வகுப்பும் நடக்கின்றது. அவ்வகுப்பிலே பட்டம் பெற்றவன் அடுத்த ஆண்டு ஆசிரியனாகி நிற்கிறான். பகலிலே ‘வாடிவாசல்’ படித்தவனும் அவனே. அவனிடம் இரவில் நடப்பதைப் பற்றிக் கேட்கும் ஒரேயொரு பாடம் வேண்டாமென்போர், வேறெந்தப் பாடத்தில் அதனைக் கேட்கப்போகிறார்கள் என்று சொல்லட்டும்.

எனது தரப்பின்மீதும் ஒரு கல்லெறிய வேண்டியிருக்கின்றது. இவ்விடயம் சற்றே நாகரிகமானவுடன், கொனல் வகுத்த மேலாண்மை, உடந்தை, கீழ்ப்பட்ட, ஓரங்கட்டப்பட்ட என்னும் நான்கு வகைகளையும் சிட்டைகளாக எழுதிக்கொண்டு நாவற் பாத்திரங்களின் நெற்றியிலே ஒட்டும் ஆய்வேடுகள் வரத் தொடங்கியுள்ளன. முன்பு வர்க்கச் சிட்டை ஒட்டினோம். அதற்கு முன் சுவை, அணி, பாவிகம் என்று ஒட்டினோம். பெருமாள் முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலிலே பிள்ளைப்பேறில்லாத காளி ஊரின் ஏச்சாலே துளித்துளியாகக் கரைவதை நூறு பக்கங்களுக்குப் பின்னே தொடராமல், அவன் எந்தப் பெட்டியிற் சேருவான் என்று தீர்மானிப்பவர் அந்நாவலைப் படிக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் கடைசியில் அந்நூலைக் கொளுத்தியோர் அதனைப் படித்தாரோ இல்லையோ, அது தொட்ட இடம் எதுவென்பதை எமது ஆய்வாளரிலும் நன்றாக உணர்ந்திருந்தனர். ஆசிரியர் தம் எழுத்தைத் துறப்பதாக அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 ஜூலையிலேதான் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளையில்லாத ஓர் ஆணைப் பற்றி எழுதுவது இத்துணை ஆபத்தானதாயின், அது ஆய்வுக்கு உகந்த விடயமா என்று இன்னும் விவாதிப்பது வேடிக்கை.

சென்ற ஆண்டுத் தேர்வுத்தாளிலே நான் எழுதியனுப்பிய வினாவொன்று செம்மைப்படுத்துவோரால் அடிக்கப்பட்டது. ‘பல்கலைக்கழகத் தரத்துக்கு ஒவ்வாதது’ என்று ஓரத்திலே எழுதியிருந்தார்கள். வினா இது: “‘சடங்கு’ நாவலில் செந்தில்நாதன் கொழும்புக்குத் திரும்பும்போது எதனை இழந்து செல்கிறான்? அது அவனுக்கு எப்போதாவது சொந்தமாயிருந்ததா? நாவலின் சான்றுகளைக் கொண்டு ஆராய்க.” இவ்வாண்டுத் தாளுக்கும் அதனையே, ஒரு சொல்லும் மாற்றாது, முதல் வினாவாக அனுப்பியிருக்கிறேன்.